சீனியர் சூப்பர்வைசர் உபயம்

உத்திரமேரூர்,
காணும் பொங்கலுக்கு மறுநாள்.

அன்புள்ள பரிமளா அண்ணிக்கு,

தேவயானி வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் மருமகள் ஸ்வேதாவும் இங்கே நன்றாக இருக்கிறோம். கடிதத்துக்காக எழுதும் வார்த்தை இல்லை, நிஜமாகவே நன்றாக இருக்கிறோம். போர்ட் பிளேரில் நீங்களும் அண்ணனும் குட்டி காமாட்சியும் சுகமாக இருக்க நம் திரௌபதி அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைக்காதீர்கள். ஐப்பசிக்குப் பிறகு நீங்கள் நம்பரை மாற்றிவிட்டீர்கள். பழைய நம்பருக்குப் போட்டால் அது உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் மூன்று பாஷையில் சொல்கிறாள். ஸ்வேதா பிறந்தநாளுக்கு ஒரு கவுன் அனுப்பினீர்களே, அந்தப் பார்சல் அட்டையைக் கிழிக்காமல் வைத்திருந்தேன். விலாசம் அதிலிருந்து எடுத்ததுதான். அந்தக் கவுன் இப்போது அவளுக்கு முழங்காலுக்கு மேலே நிற்கிறது. கொடுத்துவிடலாம் என்றால் விடமாட்டேன் என்கிறாள்.

நம் இரண்டு பேருக்கும் நடுவில் இத்தனை நாளும் பேசியது உங்கள் அம்மாதான். என்னைப் பற்றி உங்களிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஊர் முழுக்க அதையேதான் சொன்னார்கள். அதனால் நடந்ததை ஒருமுறை என் வாயாலும் கேட்டுவிடுங்கள். முடிவில் உங்களிடம் ஒன்று கேட்கப்போகிறேன். அதற்காகவாவது கடைசி வரை படியுங்கள்.

என்னைக் கட்டிய உங்கள் தம்பி தோஹாவுக்குப் போன முதல் வருஷம் ஒழுங்காகத்தான் பணம் அனுப்பினார். பிறகு மாதம் விட்டு மாதம் வந்தது. பிறகு போனையும் எடுக்கவில்லை. யார் மேல் தப்பு என்பதை எல்லாம் இதில் எழுதி உங்களைப் பஞ்சாயத்துக்கு இழுக்கமாட்டேன். எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். எனக்கு அவர் சோறு போட வேண்டாம். ஒரகடத்தில் வயரிங் கம்பெனியில் எனக்கு வேலை இருக்கிறது. ஆனால் ஸ்வேதா எனக்கு மட்டுமா பிறந்தாள்?

வாடகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என் ஒரு சம்பளம் போதவில்லை. ஓவர்டைம் பார்த்தேன். விடியும் முன்னே கம்பெனி வேன் ஏறினால் விளக்கு வைத்து வெகு நேரம் கழித்துத்தான் திரும்புவேன். அதுவரை குழந்தையை யார் பார்ப்பது? ஓரிக்கைப் பக்கம் ஒரு விடுதியில் சேர்த்தேன். ஒன்பது வயசுப் பெண், அண்ணி. ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போவேன். நான் கிளம்பும்போது என் முந்தானையைப் பிடிக்கமாட்டாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். பிடித்தால் அம்மா பஸ் ஏறமாட்டாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கட்டிய கைகள்தான் என்னைக் கோர்ட்டுக்குத் துரத்தின.

பணத்துக்காகக் கோர்ட்டுக்குப் போனவள் என்று உங்கள் அம்மா சொன்னார்கள். ஆமாம், பணத்துக்காகத்தான் போனேன். அது வந்தால் ஓவர்டைமை விடலாம், சாயங்காலமே வீடு திரும்பலாம், பிள்ளையை விடுதியிலிருந்து கூட்டி வந்துவிடலாம். இதில் வெட்கப்பட எனக்கு எதுவும் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் ஸ்ரீரஞ்சனி மேடம்தான் என் வக்கீல். மனு போட்டோம். உங்கள் தம்பி தன் வக்கீல் மூலமாகப் பதில் அனுப்பினார். போன வருஷம் ஆடி மாதமே வேலை போய்விட்டது, சிநேகிதர்கள் அறையில் அவர்கள் தயவில் சாப்பிடுகிறேன், ஊருக்கு வர டிக்கெட்டுக்குக்கூட வழியில்லை என்று எழுதியிருந்தது. அதைக் கேட்டதும் எனக்கே ஒரு நிமிஷம் பாவமாகப் போய்விட்டது. அன்று ராத்திரி தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, அவர் சாப்பிட்டாரோ இல்லையோ என்று நினைத்தேன். என் புத்தியை எதால் அடிக்க?

மேடம் நிலைமையைப் பூசி மெழுகாமல் சொன்னார்கள். வேலையில் இருக்கிறார் என்று நாம்தான் காட்ட வேண்டும், தோஹாவில் இருக்கும் கம்பெனியைக் கேட்டால் நம் ஊர்க் கோர்ட்டுக்கு அவர்கள் சுலபத்தில் பதில் சொல்லமாட்டார்கள், வருஷக்கணக்கில் இழுக்கும் என்றார்கள். அதற்குள் ஸ்வேதா விடுதியிலேயே வளர்ந்து முடித்துவிடுவாள் என்று நான் அழுதுகொண்டே படி இறங்கினேன்.

அந்தச் சித்திரையில்தான் உங்கள் ஊர் காவாந்தண்டலத்தில் நம் கோயில் திருவிழா வந்தது. ஸ்வேதாவுக்கு விடுமுறை. பாரதக் கூத்தின் படுகளம் பார்க்க வேண்டும், மண்ணால் செய்த துரியோதனனைப் பார்க்க வேண்டும் என்று ஒரே நச்சரிப்பு. உங்கள் அம்மா எதிரில் வந்தால் என்ன செய்வது என்று யோசித்தேன். சாமி எல்லாருக்கும் பொதுதானே என்று கிளம்பிவிட்டேன்.

கோயில் மண்டபத்துக்குப் புதிதாகக் கிரானைட் தரை போட்டிருந்தார்கள். நான் சூடம் வாங்கிக்கொண்டு திரும்பினால் பிள்ளையைக் காணோம். பதறிப்போய்த் தேடினேன். மண்டபத்துச் சுவருக்குப் பக்கத்தில் நின்று கத்துகிறாள்: “யம்மா, இங்க வந்து பாரேன், அப்பா பேரு கல்லுல கீதுமா!”

நம் பக்கத்து ஆட்களுக்குக் கல்லில் எழுத்து வெட்டும் ஆசை ரத்தத்திலேயே இருக்கிறது போல. தேர்தலில் யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்பதையே ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கோயில் சுவரில் வெட்டி வைத்த ஊர் இந்த உத்திரமேரூர். உங்கள் தம்பி மட்டும் என்ன விதிவிலக்கா? பளபளவென்று கறுப்புக் கல், அதில் பொன் நிற எழுத்து. “இம்மண்டபத் தரை உபயம்: கு. வரதன், சீனியர் சூப்பர்வைசர், தோஹா, கத்தார்.” கீழே அந்த வருஷத்துப் பங்குனி மாதம் என்று தேதியும் போட்டிருந்தது. டிக்கெட்டுக்கு வழியில்லாத மனிதர் மண்டபத்துக்கே தரை போட்டிருக்கிறார்!

ஸ்வேதா ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவிப் பார்த்தாள். போகிற வருகிறவர்களிடம் எல்லாம் எங்க அப்பா என்று காட்டினாள். என்னைப் போட்டோ எடுக்கச் சொல்லிக் கல்லுக்குப் பக்கத்தில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள். எடுத்தேன். அவளுக்கு அது பெருமை, எனக்கு அது சாட்சி. மேடத்திடம் கொடுக்கும்போது படத்தில் அவள் நின்ற பாதியை வெட்டிவிட்டுத்தான் கொடுத்தேன். அந்தச் சிரிப்பைக் கோர்ட்டில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

மேடம் படத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு, இது மட்டும் போதாது என்றார்கள். கையை விட்டுப் போன பழைய வேலையைப் பெருமைக்காகப் போட்டுக்கொண்டது என்று அவர்கள் தரப்பில் சொல்லிவிடுவார்களாம். தரையை முழுசாகப் படம் எடுத்து வாருங்கள், யார் பணம் வாங்கியது என்றும் விசாரியுங்கள் என்றார்கள். அடுத்த வாரமே மறுபடி போனேன்.

கோயிலை ஒட்டிய போர் பம்பில் சின்னபொண்ணு துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நம் வயலில் நடவுக்கு வருவாளே, அவளேதான். என்ன விஷயம் என்று கேட்டாள். சொன்னேன். அவள் துணியை ஓரமாகத் தள்ளிவிட்டு, தான் துவைத்துக்கொண்டிருந்த கல்லின் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். “இன்னாமே, அங்க போயி பாத்துக்கினு கீற? இதுவும் உன் வூட்டுக்காரரு பேருதான். நாங்க தெனம் இவரு மேலதான் துணி அடிக்கிறோம்,” என்றாள்.

சோப்பு நுரைக்குள் அதே பெயர், அதே தோஹா, அதே உபயம். ஆனால் தேதி தை மாதம். பதவி வெறும் சூப்பர்வைசர். தையில் ஒரு கல் வெட்டி வைத்திருக்கிறார். பங்குனிக்குள் பதவி உயர்ந்திருக்கிறது. உயர்ந்த பதவி ஊருக்குத் தெரியாமல் போகலாமா? வேறு கல் வெட்டச் சொல்லியிருக்கிறார். பழைய கல் துவைக்கிற கல்லாகிவிட்டது. அண்ணி, அன்று நானும் சின்னபொண்ணும் அந்த ஈரத்தில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் கோயில் பூசாரியே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்தேன்.

பணம் வாங்கிக் கல் வைத்தது கோயில் தர்மகர்த்தா முத்துகிருஷ்ணன் மாமா. அவரைச் சாட்சிக்கு அழைத்தோம். ஊரில் ஒரே பேஜாராகிவிட்டது. சாமி காரியத்தைக் கோர்ட்டுக்கு இழுத்தவள் என்று என்னைத் திட்டினார்கள். மாமா சலவை வேட்டி கட்டிக்கொண்டு, வரதனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற முடிவோடுதான் வந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னாலும் என் பிள்ளை விடுதியிலேயே இருக்க வேண்டியதுதான்.

மேடம் கேட்டதற்கெல்லாம் அளந்து அளந்து பதில் சொன்னார். அவரைக் கவிழ்த்தது உங்கள் தம்பியின் வக்கீல்தான். வரதன் வேலை இல்லாமல் இருக்கிறார், இந்தத் தரை அவர் அம்மா பால் ஊற்றிச் சேர்த்த காசில் போட்டது, அப்படித்தானே என்று அவர் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “இன்னா சார் இப்டி பேசறீங்க? எங்க வரதன் வேல இல்லாதவனா? அவன் கீழ நாப்பது பேரு வேல செய்றாங்க சார்! தையில வெச்ச கல்ல, பங்குனியில சம்பளம் ஏறிச்சின்னு அவனே போன் பண்ணி மாத்த சொன்னான். பணத்த அவன்தான் அனுப்புனான், கோயில் கணக்குலயே கீது. ஆத்தா காசுல உபயம் பண்ற ஆளு இல்ல சார் அவன்!” என்று கோர்ட்டே அதிரும்படி சொன்னார்.

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கல்லின் படத்தையும் மறுபடி கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். எதிர் வக்கீல் உட்கார்ந்துவிட்டார். வெளியே வந்த பிறகுதான் மாமாவுக்குத் தான் என்ன செய்தோம் என்று புரிந்தது. வேப்பமரத்தடியில் நின்று, “நான் அவன ஒசத்திதானே பேசனேன்?” என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். மறுக்காமல் குடித்தார்.

ஆவணியில் உத்தரவு வந்தது. மாதாமாதம் ஸ்வேதாவுக்குப் பணம், பழைய பாக்கியும் சேர்த்து. உத்தரவு கையில் இருந்ததே தவிர, பணம் வரவில்லை. தோஹா வரைக்கும் அந்தக் காகிதத்துக்குக் கை நீளவில்லை. அப்போதுதான் மேடம் சொன்னார்கள், ஆள் அங்கே இருந்தால் என்ன, அவர் மண் இங்கேதானே இருக்கிறது என்று. உங்கள் அப்பா காலமான பிறகு ஏரிக்கரை நிலம் உங்கள் அம்மா, நீங்கள், அவர் மூன்று பேர் பெயரிலும் இருக்கிறது அல்லவா? அதில் அவருடைய பங்கை ஜப்தி செய்ய மனு போட்டோம்.

இதற்கு மேல் நடந்தது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியும், அண்ணி. சாட்சிக் கையெழுத்துப் போட ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்த முத்துகிருஷ்ணன் மாமா என்னிடம் வந்து சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜப்தி வருவதற்குள் அவர் பங்கை உங்கள் பெயருக்கு எழுதிவிடலாம் என்று தன் சார்பில் கையெழுத்துப் போட தோஹாவிலிருந்து உங்கள் அம்மாவுக்குப் பவர் வந்ததையும், ஐப்பசியில் உங்களை அவசரமாக வரவழைத்ததையும், பத்திரம் தயாராக இருந்ததையும் சொன்னார். கையெழுத்துப் போட வேண்டிய நேரத்தில் நீங்கள் பேனாவை மூடி மேஜை மேல் வைத்துவிட்டு, “ஸ்வேதா என் மருமவ. அவ சோத்த புடுங்கி எனக்கு நெலம் வேணாம்,” என்று சொன்னதையும் சொன்னார்.

உங்கள் அம்மா அங்கேயே, எல்லார் முன்னாலும், இனிமே என் வூட்டு வாசப்படி மிதிக்காதே என்றார்களாம். தம்பி போனிலேயே, இனி எனக்கு அக்கா இல்லை என்றாராம். நீங்கள் காமாட்சியைத் தூக்கிக்கொண்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் சென்னை பஸ் ஏறினீர்களாம். அன்று நான் ஒரகடத்தில் வேலையில் இருந்தேன். தெரிந்திருந்தால் பஸ்ஸை மறித்திருப்பேன்.

நீங்கள் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. கார்த்திகையில் தாலுகா ஆபீசிலிருந்து வந்து ஏரிக்கரை நிலத்தில் நோட்டீஸ் நட்டார்கள். இன்ன தேதியில் ஏலம் என்று தண்டோரா போட்டார்கள். கல்லில் பெயர் வெட்டிய மனிதருக்குத் தமுக்கில் பெயர் கேட்டால் தாங்குமா? மார்கழி பிறந்ததும் பாக்கி முழுக்கக் கோர்ட்டில் வந்து விழுந்தது. ஒரு பைசா குறையவில்லை. நிலத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. உங்கள் பங்கும் உங்கள் அம்மா பங்கும் அவர் பங்கும் அப்படியே இருக்கின்றன. இந்த மாதப் பணமும் சொன்ன தேதியில் பேங்கில் ஏறிவிட்டது. ஜெயித்துவிட்டோம், அண்ணி! கம்பெனி வேனில் அத்தனை பேருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். டிரைவர் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குப் போய் ஸ்வேதாவின் பெட்டியை எடுத்துக்கொண்டேன். வெளியே வந்ததும் அவள் வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். வா, நீயும்தான் என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு என் முந்தானையைப் பிடித்தவள் உத்திரமேரூர் வந்து சேரும் வரை விடவில்லை. பணம் ஏது என்று கேட்டாள். அப்பா அனுப்பினார் என்றேன். ஜப்தி, தண்டோரா எதுவும் சொல்லவில்லை. கல்லில் இருக்கும் பெயரை அவள் இன்னும் கொஞ்ச நாள் தடவிப் பார்க்கட்டும். இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்துதான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

இவ்வளவு ஜெயித்தும் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. நேற்று அது நன்றாகவே குத்திவிட்டது. காணும் பொங்கல் என்று திருமுக்கூடல் ஆற்றுக்குப் போயிருந்தோம். அங்கே உங்கள் அம்மாவும் வந்திருந்தார்கள். என்னைப் பார்க்காத மாதிரி ஆற்றைப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் ஸ்வேதா ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றதும், கை தானாகவே அவள் தலையைத் தடவியது. பிறகு யாரிடமோ பேசுகிற மாதிரி தண்ணீரைப் பார்த்துச் சொன்னார்கள்: “மாசி வந்தா அந்தக் கொயந்தைக்கு மூணு வயசு ஆவுது. மாமன்காரன் வரமாட்டேன்னுட்டான். யாரு மடியில குந்த வெச்சி காது குத்துவா அவ?”

அது கோபம் இல்லை, அண்ணி. அழுகையை அடக்கிக்கொண்டு பேசிய குரல். எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. என் பிள்ளைக்கு வீடு கிடைக்க, நீங்கள் உங்கள் அம்மா வீட்டை இழந்திருக்கிறீர்கள். அதற்கு எந்தக் கோர்ட்டிலும் மனு போட முடியாது. அதனால்தான் விடிந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

கேட்கப்போகிறேன் என்று முதலிலேயே சொன்னேனே, இதுதான். மாசியில் நீங்களும் அண்ணனும் காமாட்சியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். நம் அம்மன் கோயிலிலேயே காது குத்தலாம். தோடு வாங்கிவிட்டேன். சின்னதாகச் சிவப்புக் கல் வைத்தது, ஸ்வேதா தேர்ந்தெடுத்தாள். அவள் பணத்தைத் தொடவில்லை. நான் பார்த்த கடைசி ஓவர்டைம் பணம் இது. தாய்மாமன் வீட்டுச் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பது தான்தான் என்று அவள் இப்போதே பிடிவாதம் பிடிக்கிறாள். முத்துகிருஷ்ணன் மாமாவிடம் மண்டபத்துக்குச் சொல்லியாகிவிட்டது. உங்கள் அம்மாவை நான் போய் அழைக்கிறேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன், வராமல் இருக்கமாட்டார்கள்.

மாமன் மடிக்காகக் காத்திருக்க வேண்டாம். மாமன் போட்ட தரை இருக்கிறது. சீனியர் சூப்பர்வைசர் உபயம், நல்ல வழவழப்பு. அதன் மேல் நான் சம்மணம் போட்டு உட்காருகிறேன். காமாட்சியை என் மடியில் வையுங்கள். அழுதால் சமாதானப்படுத்த ஸ்வேதா இருக்கிறாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் வேறு எங்கும் போகாமல் நேராக நம் வீட்டுக்கு வந்துவிடுங்கள். வாடகை வீடுதான். ஆனால் வாசப்படி உயரம் குறைவு. காமாட்சி யார் கையையும் பிடிக்காமல் தானே ஏறி வந்துவிடுவாள். அவள் பின்னால் நீங்களும் ஏறி வாருங்கள், அண்ணி.

உங்கள் வரவுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கும்,
தேவயானி